‘மெயில் வந்திருக்கு, ஃபைலைக் காணோம்’: ஸ்கிரிப்ட் வழியாக அட்டாச்மென்ட் அனுப்பும்போது வரும் கோளாறுகள்

ராத்திரி ஒன்பதரை மணிக்கு எங்கள் லினக்ஸ் சர்வர் தானாகவே மெயில் அனுப்பும். கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் பைப், சானிட்டரி சாமான் மொத்த வியாபாரம். புதுச்சேரியில் ஒரு குடோன். எல்லையில் இருக்கும் முள்ளோடையைத் தாண்டினால் கணக்கே வேறு. இங்கே ஜிஎஸ்டி எண் 33-ல் தொடங்கும், அங்கே 34-ல். அதனால் தினமும் இரண்டு பில் தொகுப்புகள் பிடிஎஃப்பாக, லாஸ்பேட்டையில் இருக்கும் ஆடிட்டர் அலுவலகத்துக்குப் போக வேண்டும். பத்து வரி ஷெல் ஸ்கிரிப்ட் (வரிசையாக ஓடும் கட்டளைகள் எழுதிய ஃபைல்) போதும் என்று ஆரம்பித்தேன். போதும்தான். ஆனால் அந்தப் பத்து வரி ஒழுங்காக ஓடுவதற்குள் ஆடிட்டர் அலுவலக அக்காவிடம் நான் வாங்கிக் கட்டிக்கொண்டது கொஞ்சமில்லை.

அவர் போனில் சொன்ன வாசகங்களையும், டெர்மினலில் நானே பார்த்த வாசகங்களையும் தலைப்பாக வைத்திருக்கிறேன். உங்களுக்கு வந்த கோளாறு எதுவோ அங்கே நேராகப் போங்கள். கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறேன், தட்டும்போது ஆங்கிலத்தில் தட்டிக்கொள்ளுங்கள். ‘சின்ன ஏ’, ‘பெரிய ஏ’ என்று சொல்லும் இடங்களில் மட்டும் உஷார்.

முதலில், எந்தக் கையில் நின்றுபோச்சு?

ஃபைல் மூன்று கை மாறுகிறது. அதை உருவாக்கும் புரோகிராம் முதல் கை. அதை மெயிலாகக் கட்டும் மட், மெயில்எக்ஸ், பைத்தான் வகையறா இரண்டாவது கை. கட்டியதைத் தூக்கிக்கொண்டு போகும் போஸ்ட்ஃபிக்ஸ், எம்எஸ்எம்டிபி மாதிரியான தபால்காரர் மூன்றாவது.

கட்டளை சத்தமில்லாமல் முடிந்தது, எக்ஸிட் கோடும் (கட்டளை முடியும்போது தரும் வெற்றி, தோல்வி எண்) 0 என்றால் மெயில் போய்ச் சேர்ந்துவிட்டது என்று நினைக்கிறோம். போஸ்ட்ஃபிக்ஸ் இருக்கும் மெஷினில் அதற்கு அர்த்தம் வரிசையில் போட்டாயிற்று என்பதுதான். தபால் பெட்டிக்குள் விழுந்த சத்தம் கேட்டது, அவ்வளவே.

மெயில்கியூ என்று தட்டுங்கள் (கடைசியில் கியூ என்ற ஒரே எழுத்து). வரிசையில் ஏதாவது தங்கியிருந்தால் காரணமும் பக்கத்திலேயே இருக்கும். அடுத்து, வார் டைரக்டரிக்குள் லாக், அதற்குள் மெயில்.லாக். டெபியன் 12-ல் அந்த ஃபைலே இல்லையே என்று திகைக்க வேண்டாம், ஜர்னல்சிடிஎல் கட்டளையில் தேடுங்கள். ‘சென்ட்’ என்றிருந்தால் எதிர் சர்வர் வாங்கிக்கொண்டது. ‘டிஃபர்டு’ என்றால் இன்னும் முட்டிக்கொண்டிருக்கிறது. ‘பவுன்ஸ்டு’ என்றால் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

அதிலும் தெளியவில்லையா? உங்கள் ஜிமெயிலுக்கே ஒன்று அனுப்பி, ‘ஷோ ஒரிஜினல்’ திறந்து மூலத்தைப் பாருங்கள். ‘மல்டிபார்ட் மிக்ஸ்டு’ என்ற சொல்லே இல்லை என்றால் அட்டாச்மென்ட் கட்டப்படவே இல்லை, இரண்டாவது கை. ‘கன்டென்ட் டிஸ்பொசிஷன்’ வரியில் ஃபைல் பெயர் ஒழுங்காக இருந்தும் திறக்கவில்லை என்றால் பெரும்பாலும் முதல் கை. இந்த ஒரு பார்வை எனக்கு மிச்சம் பிடித்த நேரம் நிறைய.

‘தம்பி, மெயில் வந்திருக்கு, உள்ள ஒண்ணும் காணோமே’

என்னை அதிகம் படுத்தியது இதுதான். பழைய சர்வர் சென்டாஸ் 7. அதன் ஆயுள் 2024 ஜூன் 30-ல் முடிந்ததால் உபுண்டுவுக்கு மாறினோம். ஸ்கிரிப்ட்டை அப்படியே காப்பி அடித்தேன். எரர் எதுவும் இல்லை. மெயிலும் போனது. ஃபைல் மட்டும் போகவில்லை.

காரணம், ‘மெயில்’ என்ற பெயரில் ஒரே ஒரு புரோகிராம் இல்லை. சென்டாஸில் இருந்தது ஹெர்லூம் மெயில்எக்ஸ்; அதில் சின்ன ஏ போட்டால் ஃபைல் இணையும். அதன் வாரிசான எஸ்-நெயிலிலும் அப்படியே. ஜிஎன்யு மெயில்யூட்டில்ஸில் ஃபைல் இணைக்கப் பெரிய ஏ வேண்டும். சின்ன ஏ என்பது மெயிலின் தலைப்பகுதியில் ஒரு வரியைச் சேர்க்கச் சொல்வது. பிஎஸ்டி மெயில்எக்ஸிலும் சின்ன ஏ அதே தலைவரி வேலையைத்தான் செய்யும், ஃபைல் இணைக்காது. நான் ஃபைலை இணை என்று சொல்ல, அது ஃபைல் பெயரைத் தலைவரியாகச் செருகப் பார்த்திருக்கிறது. ஒரே ஊரில் ஒரே பெயரில் மூன்று பேர் இருந்து, தபால்காரர் தப்பான வீட்டில் கொடுத்துவிட்டுப் போன கதை.

எது உங்களிடம் இருக்கிறது என்று தெரிய: ரீட்லிங்க் -எஃப், அதற்குப் பின்னால் மெயில் புரோகிராமின் முழுப் பாதை. டெபியன், உபுண்டுவில் அந்தப் பெயர் ஆல்டர்நேட்டிவ்ஸ் டைரக்டரி வழியாகச் சுற்றிப் போய் உண்மையான புரோகிராமைக் காட்டும். கடைசியில் தெரியும் பெயரை வைத்து மேலே சொன்னதில் எது என்று பாருங்கள்.

என் தனிப்பட்ட முடிவு: அட்டாச்மென்ட் வேலைக்கு ‘மெயில்’ கட்டளையையே தொடாதீர்கள். இன்றைக்குச் சரி செய்தாலும் அடுத்த சர்வர் மாற்றத்தில் திரும்ப வந்து கழுத்தைப் பிடிக்கும். மட் எங்கே போட்டாலும் மட் தான்.

‘என்னமோ பிகின் 644-ன்னு ஆரம்பிச்சு ஒரே கிறுக்கலா இருக்கு’

ஸ்கிரிப்ட்டில் எங்கேயோ யூயூஎன்கோட் இருக்கிறது. பழைய யூனிக்ஸ் குறிப்புகளைப் பார்த்து எழுதிய ஸ்கிரிப்ட்டுகளில் இது வரும். 1980-ல் பெர்க்லியில் மேரி ஆன் ஹார்ட்டன் எழுதியது. எழுத்தை மட்டுமே சுமக்கத் தெரிந்த மெயிலில் பைனரி ஃபைலையும் எழுத்தாக மாற்றி ஏற்றிவிட்ட நல்ல தந்திரம். பெறுபவரின் மெயில் புரோகிராமுக்கு அதைப் பிரிக்கத் தெரிந்திருந்தால் ஃபைலாகத் தெரியும், தெரியாவிட்டால் கிறுக்கல். 1992-ல் மைம் (மெயிலில் ஃபைல் இணைக்கும் பொது முறை) வந்த பிறகு இதற்குத் தேவையே இல்லை. அந்த வருடம் மார்ச் மாதம் நதானியேல் போரன்ஸ்டீன் மைம் முறையில் முதல் அட்டாச்மென்ட்டை அனுப்பினார்; தன் பாட்டுக் குழுவின் படமும் பாட்டும்.

அதே யூயூஎன்கோட் டெர்மினலில் எதுவும் சொல்லாமல் தொங்கி நிற்கிறதா? ஒரு பெயர் மட்டும் கொடுத்திருப்பீர்கள். அதற்கு இரண்டு வேண்டும்: படிக்க வேண்டிய ஃபைல், மெயிலில் தெரிய வேண்டிய பெயர். ஒன்று மட்டும் கொடுத்தால் அதை இரண்டாவதாக எடுத்துக்கொண்டு, நீங்கள் கீபோர்டில் ஏதாவது தட்டுவீர்கள் என்று காத்திருக்கும்.

டெர்மினலில்: ‘ஃபைலை இணைக்க முடியவில்லை’ என்று முகவரியைக் காட்டித் திட்டுகிறது

மட் பயன்படுத்துபவர்கள் எல்லோரும் ஒருமுறை மாட்டிக்கொள்ளும் இடம். சரியான வடிவம் இது:

மட் -எஸ் "இன்றைய பில்" -ஏ பில்33.பிடிஎஃப் பில்34.பிடிஎஃப் -- முகவரி

அந்த இரட்டைக் கோடுதான் உயிர். சின்ன ஏ-வுக்குப் பிறகு வருவதை எல்லாம் மட் ஃபைல் என்றே எடுத்துக்கொள்ளும். ஃபைல் பட்டியல் முடிந்தது, இனி முகவரி என்று சொல்வது அந்தக் கோடு. அது இல்லாவிட்டால் ஆடிட்டரின் மெயில் முகவரியையும் ஃபைலாக நினைத்துத் தேடிக் காணாமல் கத்தும். கோட்டுக்கு இரண்டு பக்கமும் இடைவெளி வேண்டும்.

அனுப்பாமல் ஒரு முழுத்திரை திறந்து நின்றால், மெயிலின் உடலுக்கு நீங்கள் எதுவும் தரவில்லை. எக்கோ மூலம் ஒரு வரியைப் பைப் வழியாகத் தள்ளுங்கள், அல்லது டெவ் நல்லை (எப்போதும் காலியாக இருக்கும் ஃபைல்) உள்ளீடாகக் கொடுங்கள்.

இன்னொன்று, யாரும் சொல்லித் தராதது. மட் அனுப்பும் ஒவ்வொரு மெயிலின் நகலையும் அட்டாச்மென்ட்டோடு சேர்த்து ஹோம் டைரக்டரியில் ‘சென்ட்’ என்ற ஃபைலில் சேமித்துக்கொண்டே போகும். ஒரு வருடம் கழித்து டிஸ்க் நிறைந்து, பில் புரோகிராமே நின்றபோதுதான் அது கண்ணில் பட்டது. மட் அமைப்புக் கோப்பில் ‘செட் காப்பி=நோ’ என்று ஒரு வரி எழுதிவிடுங்கள்.

‘பிடிஎஃப் இருக்கு, திறந்தா ஃபைல் கெட்டுப்போச்சுங்குது’

முதலில் உங்கள் மெஷினில் அதே ஃபைலைத் திறந்து பாருங்கள். அங்கேயும் கெட்டிருந்தால் மெயிலைத் திட்டிப் பயனில்லை. என் விஷயத்தில் பில் புரோகிராம் ஒன்பதரைக்கு முன்னால் பிடிஎஃப்பை எழுதி முடித்துவிடும். சாதாரண நாளில். ஜிஎஸ்டிஆர்-1 என்ற மாத விற்பனைக் கணக்கைத் தாக்கல் செய்யும் கடைசி நாள் 11-ஆம் தேதி. அதற்கு முந்தின ராத்திரி பில்கள் குவிந்திருக்கும். ஒன்பதரைக்கு ஃபைல் பாதிதான் எழுதப்பட்டிருக்கும், ஸ்கிரிப்ட் அந்தப் பாதியை அனுப்பிவிடும். மாதத்தில் ஒருநாள் மட்டும் கெடுகிறதே என்று மூன்று மாதம் மண்டையைப் பிய்த்துக்கொண்டேன்.

கடிகாரத்தை நம்பாதீர்கள். பில் புரோகிராம் முதலில் ஒரு தற்காலிகப் பெயரில் எழுதட்டும். முழுதாக முடிந்த பிறகு எம்வி கட்டளையால் உண்மையான பெயருக்கு மாற்றட்டும். ஒரே டிஸ்க் பகுதிக்குள் பெயர் மாற்றம் ஒரே வீச்சில் நடக்கும், பாதி நிலை என்று ஒன்று கிடையாது. அனுப்பும் ஸ்கிரிப்ட் உண்மையான பெயர் இருந்தால் மட்டுமே அனுப்பட்டும். அதற்கு முன் டெஸ்ட் -எஸ் போட்டு, ஃபைல் இருக்கிறதா, சைஸ் பூஜ்யத்துக்கு மேலா என்று ஒரு கேள்வி. ஜிப் செய்து அனுப்புபவர்கள் ஸ்கிரிப்ட் தொடக்கத்தில் பைப்ஃபெயில் அமைப்பையும் போடுங்கள். இல்லாவிட்டால் நடுவில் ஃபைல்களைக் கட்டும் டார் தோற்றாலும் கடைசிக் கட்டளை ஜெயித்ததைக் காட்டி எல்லாம் நலம் என்று சொல்லிவிடும்.

உங்கள் மெஷினில் நன்றாகத் திறந்து, அங்கே மட்டும் கெட்டிருந்தால் வேறு கதை. நீங்களே பேஸ்64 கட்டளையால் (பைனரியை எழுத்தாக மாற்றுவது) குறியாக்கி மெயிலைக் கையால் கட்டுகிறீர்களா? வரி உடைப்பை நிறுத்தும் ‘-டபிள்யூ 0’ போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். மெயிலில் ஒரு வரி 998 எழுத்துக்கு மேல் போகக் கூடாது; வழியில் ஏதாவது ஒரு சர்வர் வெட்டும், அல்லது மறுக்கும். மைம் முறையில் 76 எழுத்துக்கு ஒரு வரி.

‘நீங்க எழுதினதே பின்-னு ஒரு ஃபைலா வந்திருக்கு’

மெயிலில் படிக்க வேண்டிய நாலு வரி, ஏடிடி00001.பின் மாதிரியான பெயரில் அட்டாச்மென்ட்டாக வந்து நிற்கும். விண்டோஸில் நோட்பேடில் எழுதிய உரையை ஹெர்லூம் மெயில்எக்ஸுக்குக் கொடுத்தால் இப்படி ஆகும். ஒவ்வொரு வரி முடிவிலும் விண்டோஸ் சேர்க்கும் கூடுதல் எழுத்தைப் பார்த்து, இது உரையே இல்லை என்று அது முடிவு கட்டிவிடுகிறது. டாஸ்2யூனிக்ஸ் ஓட்டி அந்த எழுத்தை நீக்குங்கள். ஸ்கிரிப்ட்டையே நோட்பேடில் திருத்தியிருந்தாலும் இதே மருந்து. ‘பேட் இன்டர்ப்ரிட்டர்’ என்று வந்து வரி முடிவில் ஒரு எம் தெரிந்தால் அதுதான்.

கையால் ஓட்டினால் போகிறது, கிரானில் வைத்தால் போவதில்லை

கிரான் என்பது குறித்த நேரத்தில் கட்டளையைத் தானாக ஓட்டுவது; அது உங்கள் டெர்மினல் அல்ல. அதற்குத் தெரிந்த பாதைகள் பெரும்பாலும் ‘பின்’ என்ற பெயருள்ள இரண்டே இரண்டு டைரக்டரிகள். எம்எஸ்எம்டிபியை லோக்கல் டைரக்டரியில் போட்டிருந்தால் அதற்குக் கண் தெரியாது. நீங்கள் வேலை செய்யும் ஃபோல்டரும் தெரியாது. புரோகிராமுக்கும் ஃபைலுக்கும் முழுப் பாதை கொடுங்கள்.

அடுத்தது சதவீதக் குறி. கிரான்டாப் (கிரானின் நேரப் பட்டியல்) வரிக்குள் நேராக டேட் கட்டளை எழுதி, தேதி வடிவத்துக்காகச் சதவீதக் குறி போட்டால், கிரான் அந்த இடத்தில் வரியை வெட்டிவிடும். மிச்சத்தைக் கட்டளைக்கான உள்ளீடு என்று எடுத்துக்கொள்ளும். டெர்மினலில் கச்சிதமாக ஓடிய வரி கிரானில் மேற்கோள் மூடவில்லை என்று அழுவது இதனால்தான். குறிக்கு முன்னால் பின்சாய்வுக்கோடு போடலாம். நான் கிரான்டாப்பில் ஸ்கிரிப்ட்டின் பெயரைத் தவிர எதையும் எழுதுவதில்லை. சதவீதம் எல்லாம் ஸ்கிரிப்ட்டுக்குள்.

‘ஃபைல் பேர் எல்லாம் கேள்விக்குறியா இருக்கு’

தமிழில் பெயர் வைத்தீர்கள், கிரான் வழியாக அனுப்பினீர்கள். பல மெஷின்களில் கிரான் மொழி அமைப்பு இல்லாமலே ஓடும், தமிழ் எழுத்தைப் பார்த்தால் விழிக்கும். கிரான்டாப்பின் முதல் வரியில் லேங் மாறிக்கு சி.யூடிஎஃப்-8 கொடுங்கள். தலைப்பில் கேள்விக்குறி வந்தாலும் இதே வழிதான்.

தமிழ்ப் பெயர் நீளமாக இருந்தால் இன்னொரு சிக்கல். லினக்ஸில் ஃபைல் பெயர் 255 பைட்டுக்குள் இருக்க வேண்டும். யூடிஎஃப்-8-ல் தமிழின் ஒவ்வொரு குறிக்கும் 3 பைட். ‘கு’ என்ற ஓர் எழுத்தே இரண்டு குறி, 6 பைட். ஆக 85 குறியோடு கதை முடிந்தது. சொல்லவே மனசு வரவில்லை, ஆனால் சொல்கிறேன்: ஃபைல் பெயரை ஆங்கில எழுத்தில், தேதியோடு, இடைவெளி இல்லாமல் வையுங்கள். தலைப்பும் உள்ளே எழுதுவதும் தமிழில் தாராளமாக இருக்கட்டும். இடைவெளி உள்ள பெயர்தான் வேண்டும் என்றால் ஸ்கிரிப்ட்டில் மாறியை மேற்கோளுக்குள் போட மறக்காதீர்கள், இல்லாவிட்டால் ஒரு ஃபைல் மூன்று ஃபைலாகி மூன்றுமே இல்லை என்று வரும்.

‘மெசேஜ் சைஸ் எக்சீட்ஸ்’ அல்லது 552

ஃபைல் எட்டு எம்பி, வரம்பு பத்து எம்பி, ஏன் போகவில்லை? பேஸ்64-ல் 57 பைட் ஃபைல் 76 எழுத்தாகி, வரி முடிவோடு 78 ஆகிறது. அதாவது 37 சதவீதம் பருக்கிறது. போஸ்ட்ஃபிக்ஸின் இயல்பான வரம்பு 10240000 பைட். உண்மையில் உங்களுக்குக் கிடைப்பது ஏழரை எம்பிக்கும் கொஞ்சம் குறைவு. ஜிமெயிலின் 25 எம்பியும் இதே கணக்கில் பதினெட்டுச் சொச்சம்.

மெசேஜ் சைஸ் லிமிட்டை ஏற்றலாம். ஏற்றும்போது மெயில்பாக்ஸ் சைஸ் லிமிட் அதைவிடக் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதன் இயல்பு 51200000. ஆனால் நம் பக்கம் ஏற்றி என்ன செய்ய, அந்தப் பக்கம் வாங்க வேண்டுமே. ஸ்கேன் செய்த பில் என்றால் கலரை விட்டுக் கறுப்பு வெள்ளையில் ஸ்கேன் செய்தாலே பாதிப் பிரச்சினை போய்விடும். அதற்கும் மேல் பெரிது என்றால் டிரைவில் போட்டு லிங்க் அனுப்புங்கள். ஸ்ப்ளிட் போட்டு ஐந்து துண்டாக அனுப்பி, அக்காவிடம் போனில் ஒட்ட வைக்கச் சொல்லிக்கொடுத்தேன் ஒருமுறை. மறுபடி செய்ய மாட்டேன்.

535, யூசர்நேமும் பாஸ்வேர்டும் ஏற்கவில்லை

ஜிமெயில் வழியாக அனுப்புகிறவர்களுக்கு. சாதாரண பாஸ்வேர்டு மட்டும் கொடுத்து நுழையும் வழியைத் தனிநபர் கணக்குகளுக்குக் கூகுள் 2022 மே 30-ல் மூடிவிட்டது. இருபடிச் சரிபார்ப்பை இயக்கி, 16 எழுத்து ஆப் பாஸ்வேர்டு எடுத்து அதைக் கொடுங்கள். ஸ்கிரிப்ட்டுக்குள் எழுதாமல் எம்எஸ்எம்டிபியின் அமைப்புக் கோப்பில் வையுங்கள். அந்தக் கோப்பின் அனுமதி 600-ஐவிட (உங்களுக்கு மட்டும் படிக்க, எழுத) தளர்வாக இருந்தால் அது வேலை செய்ய மறுக்கும், மறுப்பதும் சரிதான்.

இணைப்பே கிடைக்காமல் ‘டைம்டு அவுட்’ என்றால் போர்ட் 25-ல் முட்டிக்கொண்டிருப்பீர்கள். வீட்டு பிராட்பேண்டிலும் பல கிளவுட் சர்வர்களிலும் அது வெளியே போகாது. 587-க்கு மாறுங்கள். பைத்தானில் ‘ராங் வெர்ஷன் நம்பர்’ வந்தால் 587-ல் எஸ்எஸ்எல் வகுப்பைப் போட்டிருக்கிறீர்கள். அந்த வகுப்பு 465-க்கு, 587-க்குச் சாதாரண வகுப்பும் ஸ்டார்ட்டிஎல்எஸ்ஸும்.

‘நோநேம்-னு வருது’

பைத்தானில் பழைய மைம்பேஸ் முறையில் கட்டி, கன்டென்ட் டிஸ்பொசிஷனில் ஃபைல் பெயர் சேர்க்க மறந்திருப்பீர்கள். புதிய ஈமெயில்மெசேஜ் வகுப்பின் ஆட் அட்டாச்மென்ட்டுக்கு மாறினால், பெயரைக் கொடுத்தாலே தமிழ்ப் பெயரையும் அதுவே குறியாக்கிக்கொள்ளும். ஃபைலை ‘ஆர்பி’ முறையில் திறக்க வேண்டும். வெறும் ‘ஆர்’ போட்டால் பிடிஎஃப்பை உரையாகப் படிக்கப் போய் யூனிகோட் பிழையோடு விழும்.

ஜிமெயில் பாதுகாப்புக் காரணம் சொல்லித் திருப்பி அனுப்புகிறது

ஜிப்புக்குள் இஎக்ஸ்இ, பேட், ஜேஎஸ் ஏதாவது இருக்கும். ஜிப்புக்குள் ஒளித்தாலும் திறந்து பார்க்கும். லிங்க் அனுப்புங்கள்.

‘தம்பி, ஒரே மெயில் நாற்பது தடவை வந்திருக்கு’

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அடுத்து தென்பெண்ணையில் வெள்ளம். எங்கள் சர்வர் யூபிஎஸ்ஸிலும் ஜெனரேட்டரிலும் ஓடியது, நெட்தான் இல்லை. என் ஸ்கிரிப்ட்டில் கெட்டிக்காரத்தனமாக ஒரு வரி எழுதி வைத்திருந்தேன்: ஆடிட்டர் பக்கத்திலிருந்து பதில் வராவிட்டால் மணிக்கு ஒருமுறை மறுபடி அனுப்பு. போஸ்ட்ஃபிக்ஸோ தானாகவே ஐந்து நாள் வரை முயன்றுகொண்டே இருக்கும். அதன் வேலையை நான் மேலும் மேலும் வரிசையில் அடுக்கினேன். நெட் வந்த நிமிடம் அத்தனையும் கிளம்பிப் போய்விட்டது.

போஸ்ட்ஃபிக்ஸ் இருக்கும் இடத்தில் மறுமுயற்சியை அதனிடமே விட்டுவிடுங்கள். எம்எஸ்எம்டிபி மட்டும் இருந்தால் அது வரிசை வைக்காது, உடனே தோற்கும். அங்கே மட்டும் எக்ஸிட் கோடு பார்த்து மறுபடி அனுப்பலாம். எப்படி இருந்தாலும் வரிசையில் போட்டதும் தேதிப் பெயரில் ஒரு காலி ஃபைலை டச் செய்து வைத்து, அது இருந்தால் மறுபடி அனுப்பாதே என்று ஸ்கிரிப்ட் தொடக்கத்தில் எழுதுங்கள். ஸ்கிரிப்ட்டின் இரண்டு பிரதிகள் ஒரே நேரத்தில் ஓடாமல் எஃப்லாக் கட்டளை காக்கும்.

நெட் வருவதற்குள் கவனித்துவிட்டால் மெயில்கியூவில் எண்ணைப் பார்த்து, போஸ்ட்சூப்பர் -டி போட்டு அந்த எண்ணைக் கொடுத்து ஒவ்வொன்றாக நீக்குங்கள். எண்ணுக்குப் பதில் ‘ஆல்’ என்று பெரிய எழுத்தில் கொடுத்தால், போக வேண்டிய மற்ற மெயில்களும் சேர்ந்து அழிந்துவிடும். கேட்காமலே அழிக்கும்.